நீலக் கொண்டைக் கோழிகள்

எங்கள் தெரு கோழிகளுக்கு எதிராகத் தீர்மானம் போட்டது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மாசி மாதத்தில். வடக்கே எங்கேயோ பறவைக் காய்ச்சல் கண்டு, தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் கோழிகளைக் குழியில் தள்ளுவதை டிவியில் காட்டினார்கள். மறுநாளே விருத்தாசலத்துப் பிரியாணிக் கடைகளில் தக்காளிச் சோறு கிண்டத் தொடங்கிவிட்டார்கள். வேப்பூர் நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டல்காரர் ‘சிக்கன் 65’ என்ற போர்டில் சிக்கனை மட்டும் சுண்ணாம்பு அடித்து மறைத்தார். மிச்சமிருந்த 65-ஐ இரண்டு லாரி டிரைவர்கள் ஆளுக்கொரு பிளேட் வாங்கித் தின்றதை நான் கண்ணால் பார்த்தேன். என்ன தின்றோம் என்பது அவர்களுக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது.

எங்கள் தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர் ராஜ்மோகன். எனக்கு அடுத்த வீடு, மாடி வீடு. குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாளிலிருந்து தெருவில் ஒரு நாய் குரைத்தாலும் அவருக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். அவர்தான் பிள்ளையார் கோயில் வாசலில் கூட்டம் போட்டு, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வீட்டிலும் கோழி இருக்கக்கூடாது என்று அறிவித்தார். எல்லோரும் கை தூக்கினார்கள். என் மனைவி அம்புஜவல்லி தூக்கவில்லை. நான் பாதி தூக்கினேன். அவள் பார்த்த பார்வையில், தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

கோழிகள் அவளுடையவை. முட்டி வலி வந்து அவள் வெளியே போவது குறைந்த பிறகு, பேச்சுத் துணைக்கு வீட்டில் நானும் கோழிகளும்தான். எங்களில் அவள் சொன்னதைக் கேட்டு நடந்தவை கோழிகள். அன்று வீட்டுக்கு வந்ததும் செம்பை நங்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்:

“ஒரு கோழி இந்த வூட்ட வுட்டுப் போச்சுன்னா, பின்னாடியே நானும் போயிடுவேன்.”

வீட்டில் சமைப்பவள் அவள். எனக்கு வேறு வழி இல்லை.

மற்றவர்கள் தங்கள் கோழிகளை, டிவிஎஸ் வண்டியில் கூடை கட்டி வந்த வியாபாரியிடம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். அம்புஜவல்லி வெறும் வீம்பு பிடிப்பவள் அல்ல. முட்டி வலியோடு கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய், டாக்டர் பூர்ணிமாவிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். நம் பக்கம் நோய் இல்லை, யாரும் கோழியைக் கொல்ல வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் கோழியை வெளியே விடாதே. காக்கா, கொக்கு, வயலில் மேயும் வாத்து எதுவும் அதன் தீனியிலோ தண்ணீரிலோ வாய் வைக்கக்கூடாது. உள்ளே போகத் தனிச் செருப்பு. போகும்போதும் வரும்போதும் கை கால் கழுவ வேண்டும். சேர்ந்தாற்போல் ரெண்டு மூன்று செத்தால் கையால் தொடாமல் உடனே சொல்லியனுப்ப வேண்டும். கூடவே ஒரு துண்டுப்பிரசுரமும் கொடுத்திருந்தார். அம்புஜவல்லி சஷ்டி விரதத்தைக்கூட இவ்வளவு கறாராக இருந்தவள் அல்ல.

கொல்லையில் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகையை நான் கோழிக் கோட்டையாக மாற்றினேன். கூரைக்குத் தகரம், சுற்றிலும் கம்பி வலை, அதன் மேல் எங்கள் கல்யாணத்துக்கு வந்த கொசுவலை. வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கால் நனைக்க ஒரு தொட்டி வேண்டியிருந்தது. நான் வேலை பார்க்கிற செராமிக் பட்டறையில், சூளையில் வளைந்துபோன கக்கூஸ் பேசின் ஒன்று கிடந்தது. தரையில் பதிக்கிற வகை, கால் வைக்க இரண்டு பக்கமும் மேடு இருக்கும். அதைக் கொண்டுவந்து வாசலில் பதித்து, உள்ளே மருந்தை ஊற்றினேன். புத்தம் புதுசு. அதில் உட்கார்ந்தவர் எவரும் இல்லை. கொட்டகைக்குள் போகிறவர் அதில் இறங்கி நின்றுவிட்டுத்தான் போக வேண்டும்.

அடைத்து வைத்த கோழிக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவர்கள் ஒருவரை ஒருவர் கொத்துவது கோழியில் மட்டும் உள்ள வழக்கமல்ல. அவற்றின் கவனத்தைத் திருப்ப, முருங்கைக் கீரையைக் கொத்தாகக் கட்டி எட்டி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டோம். ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கொட்டிப் புரள விட்டோம். கொத்துவது நின்றது. அப்புறம் நான் ஒரு ரேடியோவையும் வைத்தேன், அதுதான் தப்பாகிவிட்டது. நாமக்கல்லில் முட்டை விலை விழுந்தது என்று காலைச் செய்தியில் சொன்னான். அன்றிலிருந்து எங்கள் கோழிகள் முட்டை போடுவதை நிறுத்திவிட்டன. சினிமாப் பாட்டு வைக்கும் ஸ்டேஷனுக்கு மாற்றிய பிறகுதான் சமாதானமாகித் திரும்பவும் போட்டன. சேவல் இன்னும் மோசம். தகரக் கூரைக்கடியில் வானம் தெரியாமல், பட்டறைச் சங்கு ஊதும்போதெல்லாம் கூவக் கற்றுக்கொண்டது. ஒருநாள் சங்கு ரிப்பேர். சேவல் கூவியதைக் கேட்டு முதல் ஷிப்ட் ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள். முதலாளி சேவலுக்குச் சம்பளம் தருகிறேன் என்றார், நான்தான் பழக்கிவிடக் கூடாது என்று மறுத்துவிட்டேன்.

அந்தக் கூவல்தான் ராஜ்மோகனுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடந்தும் கோழி இருக்கிறது என்று அது நாளுக்கு மூன்று தடவை அவருக்கு நினைவூட்டியது. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் என் மேல் பிராது கட்டப் போவதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். எங்கள் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போகாத வழக்கையெல்லாம் சீட்டில் எழுதி முருகனிடம் கட்டிவிடுவார்கள். நான் அவரை டீக்கடையில் பார்த்து, தாராளமாகக் கட்டுங்க என்றேன்.

“ஆனா ஒண்ணு சார். கையில சேவக்கொடி வெச்சிருக்கறவருகிட்ட போயி கோழி மேல பிராது குடுக்கறீங்க. தீர்ப்பு எப்பிடி வரும்னு யோசிச்சிக்குங்க.”

டீக்கடையில் எல்லோரும் டம்ளருக்குள் சிரித்தார்கள். ராஜ்மோகன் முகம் கறுத்துவிட்டது. என் மாடியிலிருந்து பார்த்தால் உன் கொல்லை பூராவும் தெரியும், ஒரே ஒரு கொண்டை கண்ணில் பட்டாலும் கால்நடை ஆபீசுக்கு போன் போட்டு வெள்ளை உடுப்பு ஆட்களை வரவழைத்துவிடுவேன் என்றார்.

அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

எங்கள் பட்டறையில் அப்போது பொம்மைக் கோழிகள் செய்துகொண்டிருந்தோம். நிஜக் கோழி அளவு. கொண்டைக்குச் சிவப்பு பூச வேண்டும், ஆனால் சிவப்பு சூளைச் சூட்டில் லேசில் நிற்காது, வெகு கவனமாகச் சுட வேண்டும். அந்த வாரம் யாரோ டப்பா மாற்றி எடுத்ததில் ஒரு சூளை நிறையக் கோழிகள் பளபளவென்று நீலக் கொண்டையோடு வெளியே வந்தன. முதலாளி தலையில் அடித்துக்கொண்டு குப்பையில் கொட்டச் சொன்னார். கோழியைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, வெறிச்சென்று கிடந்த எங்கள் கொல்லையில் அங்கங்கே நிறுத்தி வைத்தேன். சிலதை மதில் ஓரமாக, சிலதைத் துளசி மாடத்தருகே.

துண்டுப்பிரசுரத்தை நான் படித்திருந்தேன். நோய் கண்ட கோழிக்குக் கொண்டை நீலம் பாரிக்கும், தீனி எடுக்காது, அசையாமல் நிற்கும் என்று அதில் போட்டிருந்தது உண்மைதான். அதே பிரசுரம் ராஜ்மோகன் வீட்டிலும் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. டாக்டர் பூர்ணிமா, வெள்ளை உடுப்பில் இரண்டு ஆட்கள், மூக்கில் கைக்குட்டை கட்டிய ராஜ்மோகன், அவருக்குப் பின்னால் பாதித் தெரு. கொல்லை பூராவும் கோழி, எல்லாவற்றுக்கும் கொண்டை நீலம், நேற்று சாயங்காலத்திலிருந்து ஒன்றுகூட அசையவில்லை என்று ராஜ்மோகன் நடுங்கிக்கொண்டே சொன்னார். வெள்ளை உடுப்பு ஆட்களில் ஒருவர் பதுங்கிப் பதுங்கிப் போய் ஒரு கோழியைக் கழுத்தோடு பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றார்.

“மேடம், இது செத்து வெறச்சிப் போயிருக்குது.”

சொல்லும்போதே அது கை நழுவி விழுந்து நாலாக உடைந்தது. டாக்டர் குனிந்து ஒரு சில்லை எடுத்துப் பார்த்தார். உள்ளே மண். தெரு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“இந்த வெளையாட்டு யாரோடது?”

நான் கை தூக்கினேன், இந்தத் தடவை முழுசாக.

பிராந்தியம் பூராவும் எச்சரிக்கையாக இருக்கிற நேரத்தில், இந்தப் பொம்மைகளுக்காக ராத்திரியெல்லாம் பெரிய அதிகாரிகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன் என்றார் டாக்டர். புகார் என்று வந்துவிட்டால் பார்க்காமல் திரும்ப முடியாது. கொட்டகையைத் திறக்க வேண்டும். சந்தேகப்படும்படி ஒன்று இருந்தாலும் சோதனைக்கு அனுப்புவேன், முடிவு வேறு மாதிரி வந்தால் எல்லாக் கோழியையும் எடுத்துவிடுவேன். அதை அவர் சாதாரணக் குரலில் சொன்னார். அம்புஜவல்லி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நானும் அந்தப் பொம்மையைப் போல நாலாகியிருப்பேன்.

அவள் நேராகப் போய்க் கொட்டகை வாசலில் குறுக்கே நின்றாள். வெள்ளை உடுப்பு ஆட்கள் இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

“டாக்டரம்மா மட்டும் வரட்டும். நீங்க ரெண்டு பேரும் எத்தினி ஊரு கோழிக் கொட்டாயில நொழஞ்சிட்டு வந்தீங்களோ. அந்த உடுப்போட உள்ள வுட மாட்டேன்.”

இது சர்க்கார் வேலை, தடுத்தால் கேஸாகும் என்றார் ஒருவர். கேஸு போட்டுட்டு வெளியவே நில்லுங்க என்றாள். டாக்டர் அவர்களைப் பார்த்து, நிற்கச் சொல்லிக் கையை அசைத்தார். புதுக் கையுறை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசலில் பதித்திருந்ததைப் பார்த்து ஒரு கணம் தயங்கினார். பிறகு இரண்டு காலையும் அதில் வைத்து நின்று, அம்புஜவல்லி எடுத்துப் போட்ட செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.

ராஜ்மோகன் தானும் சாட்சியாகப் பார்க்க வேண்டும் என்று முண்டினார். தாராளமா வாங்க, அதுல எறங்கி நின்னுட்டு வாங்க என்றேன். ஓய்வு பெற்ற குமாஸ்தா, தெருவே பார்க்கிறது, கீழே பேசின். வலைக்கு வெளியே நின்றே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொண்டையைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், மூக்கை அமுக்கிப் பார்த்தார், எச்சத்தைப் பார்த்தார். தண்ணீர்ச் சட்டியை முகர்ந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்போது வலைக்கு வெளியிலிருந்து ராஜ்மோகன் கத்தினார்.

“மேடம், அந்த மூலையில பாருங்க. அது அசையல. தீனியும் எடுக்கல.”

அசையவில்லைதான். புள்ளிப் பெட்டை, இறகெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. எனக்குத் தெரியும் அது என்னவென்று. ஆனாலும் ஒரு விளையாட்டுக்காரன் பேச்சை அன்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. டாக்டர் கிட்டப் போய்க் குனிந்து, அதன் வயிற்றடியில் கையை விட்டார். புள்ளிப் பெட்டை கையுறை கிழிகிற மாதிரி ஒரு கொத்துக் கொத்தியது. இன்னொரு தடவை விட்டார். இன்னொரு கொத்து.

“அடையில ஒக்காந்திருக்கு” என்றார் டாக்டர், கையை உதறிக்கொண்டே. “சீக்குக் கோழிக்கு இவ்ளோ கோவம் வராது.”

வெளியே வந்து, மறுபடியும் அந்த பேசினில் நின்று காலை நனைத்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். இந்த வீட்டுக் கோழிகள் நன்றாக இருக்கின்றன. நான் சொல்லும்வரை இப்படியே அடைத்து வைத்திருக்க வேண்டும். யாரும் பிடித்துக் கொடுக்கவும் வேண்டாம், பயந்துபோய் யாரிடமும் விற்கவும் வேண்டாம். விற்ற கோழி எந்த ஊருக்கு எதைக் கொண்டுபோகும் என்று யாருக்கும் தெரியாது. கடைசியாக என் பக்கம் திரும்பி, அந்த நீலக் கொண்டைகளைச் சாயங்காலத்துக்குள் அப்புறப்படுத்தாவிட்டால் சோதனைக்கு உங்கள் ரத்தத்தை எடுத்து அனுப்புவேன் என்றார்.

ராஜ்மோகன் விடவில்லை. இன்றைக்கு நன்றாக இருக்கிறது, நாளைக்குச் சீக்கு வராது என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கேட்டது டாக்டரை. பதில் சொன்னது அம்புஜவல்லி. முட்டியைப் பிடித்துக்கொண்டு நாலடி முன்னால் வந்தாள்.

“நான் பொறுப்பு. நாளைக்கி சீக்கு வந்துச்சின்னா, மொத ஆளா ஆஸ்பத்திரிக்கு ஓடி நானே சொல்லுவேன். என் கையாலயே கதவத் தொறந்து இவங்களுக்கு வழி வுட்டுடுவேன், அழுதுக்கிட்டாவது. வராத சீக்குக்கு ஒரு ரெக்கையக்கூட குடுக்க மாட்டேன். நீங்க கூட்டம் போடுங்க, பிராது கட்டுங்க, மாடி மேல இன்னொரு மாடி கட்டி ஏறி நின்னு பாருங்க.”

கூட்டத்தில் ஒருத்தி, தன் கோழியைக் கூடைக்காரனிடம் கொடுத்தவள், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தெரு மெல்லக் கலைந்தது.

பொம்மையைப் பிடித்த ஆள் வெயிலில் அந்த உடுப்புக்குள் வெந்துபோயிருந்தார். முதுகுப் பக்கத்து ஜிப் சிக்கிக்கொண்டு கழற்ற வரவில்லை. பாவமாக இருந்தது. நான்தான் பிடித்து இழுத்துக் கழற்றிவிட்டேன், தோளில் தட்டி ஒரு சொம்பு மோரும் கொடுத்தேன். ஒடைஞ்ச பொம்மைக்கு காசு கேக்காதீங்க பெரியவரே என்றார். ஜீப் கம்மாபுரம் பக்கம் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

வெற்றி பெற்றவன் நடக்கிற நடையில் கொல்லைக்குப் போனேன். அம்புஜவல்லி செருப்பு மாற்றிக்கொண்டு கொட்டகைக்குள் கீரை கட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசினில் ஒரு காலை வைத்தேன்.

“அங்கயே நில்லுங்க.”

நின்றேன்.

“அந்த ஆளத் தொட்டீங்க. உடுப்பத் தொட்டீங்க. ஊரு ஊரா எந்தெந்தக் கோழியப் புடிச்ச உடுப்பு அது. போயி தலைக்கு ஊத்திக்கிட்டு, கட்டியிருக்கற வேட்டிய வென்னியில போட்டுட்டு வாங்க. அது வரைக்கும் உள்ள வுட மாட்டேன்.”

நான் வாதாடிப் பார்த்தேன். தெருவையே எதிர்த்து நின்றது யாருக்காக என்று கேட்டேன். கோழிக்காக, அதனாலதான் சொல்றேன் என்றாள். கம்பி வலைக்குள்ளிருந்து சேவல் என்னை ஒரு பக்கமாகப் பார்த்தது, அதற்கும் அதே அபிப்பிராயம்தான் போலிருந்தது. பேசினிலிருந்து காலை எடுத்தேன். கொடியில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.