றஜனி ஏறிய நாள்

கோகுலனுக்கு ஒலிவாங்கி கையில் கிடைத்தால் போதும், தான் சொல்வதைத் தானே நம்பத் தொடங்கிவிடுவான். நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஒருவரின் மகன். வலிகாமப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்துக்கு அவன் தலைவனாக வந்தது அந்தத் தொண்டையால்தான் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்கள். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் அவனால் இவ்வளவு சேதம் வந்திராது.

அங்கே மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள் றஜனி. குருநகரில் கடற்றொழில் செய்யும் சந்தியோகுவின் மகள். சின்ன வயதில் வந்த காய்ச்சலொன்று இரண்டு கால்களையும் முடக்கிவிட்டுப் போனதால் சக்கரக் கதிரையில்தான் வருவாள். முதல் இரண்டு வருடமும் வகுப்புகள் நிலத்தோடு ஒட்டிய பழைய மண்டபத்தில் நடந்தன, பிரச்சினை இல்லை. மூன்றாம் வருடத்தில் அவளுடைய புள்ளிவிபரவியல் வகுப்புகள் புதிய கட்டடத்தின் மேல்மாடிக்குப் போயின. லிப்டுக்கென்று விட்ட இடத்தில் உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஆகவே பெடியன்கள் தூக்கினார்கள், கதிரையோடு சேர்த்து. திருவிழாவில் சுவாமி தூக்கிப் பழகிய தோள்கள், தூக்கலில் குறை சொல்ல முடியாது. தூக்கும்போது ஒருவன் பகிடிக்கு ‘அரோகரா’ என்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள், றஜனியும் சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது? தூக்குகிறவன் கோபித்தால் அன்றைக்கு வகுப்பு இல்லை. மேலே போய்விட்டால் பின்னேரம்வரை அவள் தண்ணீர் குடிப்பதில்லை, ஏனென்றால் கழிப்பறை கீழே இருந்தது. பெடியன்களிடம் சொல்லக்கூடிய விசயமா இது? ஒன்றியத்தின் செயலாளர் உதயகலாவிடம் மட்டும் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னாள்.

உதயகலா அன்றைக்கே கோகுலனிடம் போனாள். அவனுக்கு உண்மையாகவே மனம் பொறுக்கவில்லை. மாற்றாற்றல் மாணவர்களின் உரிமைக்கென்று ஒரு குழு போட்டான், பதாகை எழுதினான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் கன்ரீன் வாசலில் நின்று பேசினான். ஒரு கிழமைக்குள் வளாகம் முழுக்க அதே கதைதான். றஜனி கேட்டதோ ஒன்றே ஒன்று. அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கூட்ட அறை எந்நேரமும் பூட்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் இருந்த விறாந்தைக்குப் படிகள் தாழ்வானவை, பின்னால் ஒருவர் பிடித்தாலே கதிரை ஏறிவிடும்.

“வகுப்பைக் கீழை கொண்டுவந்தால் காணும் அண்ணை. வேறை ஒண்டும் வேண்டாம்,” என்றாள் அவள்.

கோகுலனுக்கு அது சின்ன விசயமாகப் பட்டது. அறை மாற்றுவதெல்லாம் ஒரு போராட்டமா? என்றாலும் அதைக் கேட்டுத்தான் பீடாதிபதியிடம் போனான். பீடாதிபதி அடைக்கலநாதன் ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. தேநீர் எடுப்பித்தார், றஜனியின் குடும்பத்தைப் பற்றி அக்கறையாக விசாரித்தார். கூட்ட அறை வெளியாட்கள் வந்தால் இருத்துகிற இடம், மெத்தைக் கதிரைகள் போட்டது, அதை எடுத்த எடுப்பில் வகுப்பாக்க முடியாது என்று விளக்கினார். முதலில் பிள்ளை தன்பாட்டில் வந்து போக விறாந்தைப் படிக்கு ஒரு சரிவுப்பாதை கட்டுவோம், அறையைப் பிறகு யோசிப்போம் என்றார். வெளியே வந்ததும் உதயகலா, மனுசன் அலுவலைத் தள்ளிப்போடுகிறார் என்றாள். கோகுலன் கேட்கவில்லை. ஒன்றியத்தின் தவணை முடிய அதிக நாள் இல்லை, இதுதான் நாங்கள் செய்தது என்று கைகாட்ட ஒன்றுமே இல்லை. வகுப்பு அறை மாறினால் யாருக்குக் கண்ணில் தெரியும்? சரிவுப்பாதை என்றால் கட்டடத்துக்கு முன்னால் நிற்கும். பதாகைகளைச் சுருட்டி வைக்கச் சொன்னான்.

யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும் படிக்குப் பக்கத்தில் ஒரு சிமெந்துச் சரிவு இருக்கும். பொழுதுபட்டால் மோட்டார் சைக்கிளை விறாந்தையில் ஏற்றி வைப்பதற்கு. குட்டையாக, செங்குத்தாக, படியை மட்டும் மூடுகிற அளவில் இருக்கும். வேலைக்கு வந்த மேசனுக்குத் தெரிந்த சரிவு அதுதான். பீடாதிபதிக்குத் தெரிந்ததும் அதுதான். கோகுலன் இரண்டு நாளும் பக்கத்தில் நின்று பார்த்தான், வீட்டில் அப்பாவின் வண்டியை ஏற்றுகிற சரிவைவிட வடிவாக இருக்கிறதே என்று சந்தோசப்பட்டான். அத்தனை படித்த தலைகளில் ஒன்றுக்கும் றஜனியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை.

அவள் அதைத் திறப்புவிழாவுக்கு முதல்நாள்தான் பார்த்தாள். கதிரையை உருட்டி அடியில் கொண்டுபோய் வைத்து, பலம் கொண்டமட்டும் தள்ளிப் பார்த்தாள். முன்சில்லு மேலெழும்பி, கதிரை அப்படியே பின்னுக்கு வந்தது.

“அண்ணை, இதிலை நான் தனிய ஏறேலாது. பின்னாலை ஒராள் தள்ளினாலும் மல்லாக்கப் பிரளும். முந்தின படி பரவாயில்லை,” என்றாள். கோபம் கூட இல்லை, உள்ளதைச் சொன்னாள்.

கோகுலன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். அழைப்பு எல்லாருக்கும் போய்விட்டது. பத்திரிகைக்காரர் வருவார்கள். வாசலில் கட்டுவதற்கு அவனுடைய அப்பா தன் தோட்டத்திலிருந்தே குலையோடு இரண்டு வாழை வெட்டி அனுப்பியிருந்தார். நாளைக்கு ஒருக்கா மட்டும் ஏறும், பெடியன்கள் பிடிப்பாங்கள், திறந்த பிறகு நானே முன்னுக்கு நின்று உடைத்துத் திருப்பிக் கட்டுவிக்கிறன் என்று கெஞ்சினான். சொல்லும்போது அதையும் நம்பினான். றஜனி ஓம் என்றாள்.

விழா நன்றாக நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். வாசலில் நிறைகுடம், இரண்டு பக்கமும் வாழை, நாடா வெட்டு. கோகுலன் குருநகருக்குப் போய்த் தானே அழைத்துவந்த சந்தியோகுவைப் பேராசிரியர்களோடு முன்வரிசையில் இருத்தி மாலை போட்டார்கள். கோயில் என்றால் மாதா கோயில் மட்டுமே அறிந்த மனுசன், நெற்றியில் வைத்த சந்தனத்தைக் கடைசிவரை துடைக்கவில்லை. பிறகு றஜனி ஏறினாள். பெடியன்கள் தள்ளுவதுபோல் பாவனை காட்டிக்கொண்டு கதிரையைத் தூக்கினார்கள், சில்லு சிமெந்தில் பட்டதோ என்னவோ. விறாந்தையில் போய் நின்று அவள் சிரித்தாள். கோகுலன் தொடங்க, எல்லாரும் கைதட்டினார்கள். கோகுலன் ஒலிவாங்கியில், இன்றைக்கு இந்த வளாகத்தின் ஒரு கதவு திறந்திருக்கிறது என்றான். முன்வரிசையில் சந்தியோகு மாலையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை கோகுலன் பீடாதிபதியிடம் போனான். மறுபடியும் தேநீர் வந்தது. திறந்த சூட்டோடு உடைத்தால் ஊர் சிரிக்காதா என்று அவர் கேட்டார். கூட்ட அறையை அடுத்த வருடம் பார்ப்போம் என்றார்.

“ஏறேலாது எண்டு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. முதல் கைதட்டினது நீர்தானே.”

சரிவுப்பாதை விறாந்தையோடு முடிந்தது, வகுப்பு மேல்மாடியிலேயே நடந்தது. தூக்குகிற பெடியன்களோ, அதுதான் சரிவுப்பாதை வந்துவிட்டதே என்று ஒவ்வொருவராகக் கழன்றார்கள். இவ்வளவு செய்தும் அவள் குறை சொன்னாளாம் என்ற கதையும் எங்கிருந்தோ கிளம்பியது, மிச்சம் இருந்தவர்களும் முகத்தைத் திருப்பினார்கள். மாரி தொடங்கியதும் விரிவுரையாளர்கள் மழைக்கு ஒதுக்கிவைக்கத் தங்கள் மோட்டார் சைக்கிள்களை அந்தச் சரிவால் ஏற்றி விறாந்தையில் வரிசையாக விட்டார்கள். அதற்கு அது நன்றாகவே உதவியது. புதிய ஒன்றியம் வந்தது, அவர்களுக்கு வேறு போராட்டங்கள் இருந்தன. பரீட்சை எழுத வரவு போதாமல் போய், றஜனி வருவதையே நிறுத்திவிட்டாள்.

“அவள் பேரை வெட்டப்போறாளாம். நீங்கள் போய்க் கதையுங்கோ,” என்றாள் உதயகலா. திறப்புவிழாவுக்குப் பிறகு அவனோடு அவள் பேசிய முதல் பேச்சு அது.

கோகுலன் அன்று பின்னேரமே குருநகருக்குப் போனான். இந்தமுறை ஒன்றையும் மறைப்பதில்லை, தகப்பனிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பது, அவரையும் கூட்டிக்கொண்டு துணைவேந்தரிடமே போவது என்று வழிநெடுகத் தீர்மானித்துக்கொண்டு போனான். வாசலிலேயே சந்தியோகு அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இவர்தான் நான் சொன்ன தலைவர் என்று காட்டினார்.

“எனக்கு மாலை போட்டு மரியாதை செய்த இடம் தம்பி. இவளுக்கெண்டு கட்டடத்தையே மாத்திக் குடுத்தவை, நான் என்ரை கண்ணாலை பார்த்தனான். இவள் என்னெண்டால் போகமாட்டன் எண்டுறாள். கேட்டால் வாய் திறக்கிறாள் இல்லை. சோம்பல், படிக்கப் பஞ்சி.”

அவர் சோடா வாங்கக் கடைக்குப் போனார். றஜனி உள்வாசலில் கதிரையில் இருந்தாள். மெலிந்திருந்தாள். உம்முடைய அப்பாவிடம் உள்ளதைச் சொல்லத்தான் வந்தேன் என்றான் கோகுலன்.

“வேண்டாம் அண்ணை,” என்றாள் அவள். “அவர் போற வாற இடமெல்லாம் அந்த நாளைத்தான் கதைச்சுக்கொண்டு திரியிறார். கடலுக்குப் போனாலும் அதே கதையாம். அவருக்கு ஒருத்தரும் மாலை போட்டதில்லை. அதைப் பொய்யெண்டு சொல்லிப்போட்டு, பதிலுக்கு என்னத்தைக் குடுக்கப்போறியள்?”

“துணைவேந்தரிட்டைப் போவம். திருப்பிக் கட்டுவிக்கலாம்.”

“நம்பிக் கதைக்கிறியளோ அண்ணை?”

முதல் தடவையாகக் கோகுலன் தான் சொன்னதைத் தான் நம்பவில்லை. அது அவனுடைய முகத்திலேயே தெரிந்திருக்கவேண்டும், அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

“அவர் உம்மைப் பஞ்சி பிடிச்சவள் எண்டெல்லோ நினைக்கிறார்,” என்றான்.

“நினைக்கட்டும். அது எனக்குத் தாங்கும்.”

சந்தியோகு சோடாவோடு வந்தார். போத்தலைத் திறந்து, இருக்கிற நல்ல கிளாசில் வார்த்துக் கொடுத்துவிட்டு, கைகட்டி நின்றார்.

“நீங்கள் சொன்னால் கேப்பாள் தம்பி. நாலு வார்த்தை சொல்லுங்கோ.”

கன்ரீன் வாசலில் மணிக்கணக்காகப் பேசியவன் கிளாசைக் கீழே வைத்தான். அவன் றஜனியைப் பார்த்தான். அவள் கண்ணாலேயே சொல்லச் சொன்னாள்.

“நீர் விட்டிருக்கக்கூடாது றஜனி,” என்றான். “எல்லாரும் உமக்காக எவ்வளவு செய்தவை.”

“ஓம் அண்ணை. என்ரை பிழைதான்,” என்றாள் அவள்.

சந்தியோகு கோகுலனின் தோளில் ஆதரவாகக் கைவைத்தார். பிறகு மகளின் பக்கம் திரும்பி, இப்படி ஒரு தலைவர் கிடைத்தும் படிக்கக் கொடுத்துவைக்காதவள் என்று ஏசத் தொடங்கினார்.