நின்று போகும் ஃபேன்

பிரேசர் டவுனில் ஐரின் கடைக்குப் போனால் வழியில் உள்ள வீடுகளின் டேபிள் ஃபேன்கள் அவர் பக்கம் திரும்பி, அவர் தெருமுனையைக் கடக்கும்வரை அப்படியே நிற்கும். எல்லா ஃபேனும் அல்ல, ‘தங்காளி’ ஃபேன் மட்டும். கன்னடத்தில் தங்காளி என்றால் குளிர்ந்த காற்று. பொம்மசந்திராவில் இருந்த ஒரு கம்பெனி 1983இல் செய்து விற்ற அந்த ஃபேன், இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் வீட்டுக்கு ஒன்றாக இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நம்பாதவர்கள் காலை பத்தரைக்கு அவர் காய் வாங்கப் போகும் நேரமாகப் பார்த்து வரலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. தூங்கும் குழந்தைக்குக் காற்று போய்விடுகிறது என்று சில தாய்மார்கள் முணுமுணுத்ததால் ஐரின் இப்போதெல்லாம் பின்தெரு வழியாகப் போகிறார். ஊர்வாயை மூட உலைமூடியா இருக்கிறது? பள்ளிவாசல் பக்கத்துக் கபாப் கடைக்காரர் மட்டும் நேர் எதிர். வெயில் நாளில் ஐரினைக் கூப்பிட்டுக் கடை நடுவில் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். நான்கு மூலை ஃபேனும் நடுவைப் பார்த்து நிற்கும், சாப்பிடுகிறவர்கள் இன்னொரு பிளேட் சொல்வார்கள். ஐரினுக்கு மட்டும் சாப்பாடு இலவசம்.

அந்த ஃபேனை வரைந்தவரே ஐரின்தான். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது, கம்பெனியின் டிராயிங் ஆபீசில் ஒரே பெண். அவர் வீட்டில் ஒரே ஒரு ஃபேன் இருந்தது. அம்மா மௌரீன் மூலையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். ஃபேன் அந்த மூலைக்கு வந்த வேகத்தில், வாசலோடு விசாரித்துவிட்டுக் கிளம்பும் சொந்தக்காரர் மாதிரி, உடனே திரும்பிவிடும். ஐரினுக்கு அது பொறுக்கவில்லை. ஃபேனைத் திருப்பும் பல்சக்கரத்தில் சில பற்களை எடுத்துவிட்டு வரைந்தார். பல் இல்லாத இடம் வரும்போது ஃபேன் மூலையிலேயே இரண்டு மூச்சு நேரம் நிற்கும், பிறகுதான் திரும்பும். முதலில் அதைத் தப்பு என்றார்கள். விற்பனைக்கு வந்த பிறகு ‘நின்று போகும் ஃபேன்’ என்று கேட்டு வாங்கினார்கள். இந்த ஊர் உலகத்துக்குத் தந்த சாமான்களில் அதுவும் ஒன்று என்று பத்திரிகையில் எழுதினார்கள்.

எழுதியபோது போட்ட படம் சீஃப் இன்ஜினியர் கோவிந்தனுடையது. நடந்தது இவ்வளவுதான். வரைபடத்தின் வலது கீழ்மூலையில் வரைந்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் எழுதுவது வழக்கம். சரிபார்க்க உட்கார்ந்த கோவிந்தன் டீ கிளாஸை அந்த மூலையில் வைத்துவிட்டார். வட்டமாகக் கறை பிடித்தது. டிசைன் பதிவுக்குப் போகும் தாள் ஆயிற்றே, கறையோடு அனுப்பலாமா என்று கிளார்க் முனிகிருஷ்ணன் மூலையைக் கத்தரித்து எறிந்து வெள்ளைத்தாள் ஒட்டினார். அந்த ஆபீசில் புதிதாக ஒட்டிய தாளில் பெரிய அதிகாரி பெயரை மட்டும் டைப் அடிப்பார்கள், அப்படியே அடித்தார். கோவிந்தன் அதைப் பார்த்தார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று நாற்பது வருஷம் போயிற்று. ஐரினின் வீடு அந்தச் சம்பளத்தில் ஓடியது, எனவே அவர் வாய் திறக்கவில்லை. குப்பைக்கூடையிலிருந்து மூலைத்துண்டை மட்டும் எடுத்துவந்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

பத்திரிகையில் படம் வந்த மறுநாள், சோதனைக் கொட்டகையில் ஓடிய இருநூறு ஃபேனும் ஐரின் பக்கம் திரும்பின. ஃபோர்மேன் எல்லாவற்றின் திருகையும் சோதித்தார், கோளாறு ஒன்றும் இல்லை. ஐரினின் மேசையை அடுத்த கட்டடத்துக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அன்றிலிருந்து எந்தத் தங்காளி ஃபேனும் கோவிந்தன் உட்கார்ந்த இடத்துக்கு ஒரு சாண் முன்பே திரும்பிவிட்டது. பெங்களூரில் அந்தக் காலத்தில் ஃபேன் இல்லாமலும் தூங்கலாம் என்பதால் அது ஒரு பெரிய தொல்லையாக இருக்கவில்லை.

2024 ஏப்ரலில் ஊர் கொதித்தது. எண்பத்தொரு வயதுக் கோவிந்தன் தலையில் ஈரத்துண்டோடு மூன்று தங்காளி ஃபேனுக்கு நடுவில் வேர்த்துக்கொண்டிருந்தார். சீலிங் ஃபேன் மாட்டலாம் என்று மகள் சொன்னதற்கு ஒப்பவில்லை. தன் பெயரில் உள்ள ஃபேன் ஒருநாள் தன்னைப் பார்க்கும் என்று பிடிவாதம். அந்த மாதம்தான் சிவாஜிநகர் பக்கம் ஒரு மண்டபத்தில், ரவா இட்லி முதல் கையடக்கக் கணினி வரை, இந்த ஊரில் பிறந்தவற்றுக்கெல்லாம் கண்காட்சி வைத்தார்கள். அழைப்பிதழை ஐரினின் அண்ணன் மகள் பிரபா போனில் காட்டினாள். தங்காளி படத்தின் கீழே ‘வடிவமைப்பு: கோவிந்தன்’ என்று இருந்தது, திறந்துவைப்பவரும் அவரே.

ஐரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “நான் போனப்புறம் இதுதான் நிக்கும் பிரபா. என் பேரு எங்கயும் இருக்காது,” என்றார்.

“அப்ப அந்தத் துண்ட எடுத்துக்கோங்க அத்தை. ஆட்டோ புக் பண்றேன்.”

கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மேடையைப் பார்த்து ஓடிய இருபத்துநான்கு தங்காளி ஃபேனும் கடைசி வரிசைக்குத் திரும்பி நின்றன. எலக்ட்ரீஷியன் மூன்று தரம் திருப்பி வைத்தார், மூன்று தரமும் அவை திரும்பிக்கொண்டன. மேடையில் இருந்தவர்கள் அழைப்பிதழால் விசிறிக்கொண்டார்கள். காற்று போகும் வழியே பார்த்த கோவிந்தன், நரைத்த தலையை அடையாளம் கண்டுகொண்டார். மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“இந்த ஃபேன வரைஞ்சது நான் இல்ல. அதோ, பின்னாடி ஒக்காந்திருக்காங்களே ஐரினம்மா, அவங்க. நான் டீ கிளாஸ மட்டும்தான் வச்சேன்.”

ஐரின் மேடைக்கு நடந்தார், ஃபேன்களும் கூடவே திரும்பின. கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் பழைய தாள் இருந்தது, ஒட்டிய மூலையின் ஓரத்தில் கத்தரிக்குத் தப்பிய ஒரு கீற்றுக் கறை. பைபிளிலிருந்து எடுத்துவந்த துண்டைப் பக்கத்தில் வைத்ததும் வட்டம் முழுசானது. துண்டில் ‘வரைந்தவர்: ஐரின்’ என்று இருந்தது. ஐரின் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. பெயர்ப்பலகையை அங்கேயே மாற்றி எழுதினார்கள்.

கோவிந்தன் வேர்வை வழிய நாற்காலியில் சரிந்தார். ஃபேன்கள் அப்போதும் அவரைச் சட்டை செய்யவில்லை. ஐரின் மேடையில் இருந்த இன்னொரு நாற்காலியை இழுத்து அவரோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

“இப்பிடி நகந்து ஒக்காருங்க சார். ரெண்டு பேருக்கும் வரும்.”

நாற்பத்தொரு வருஷம் கழித்து கோவிந்தன்மேல் காற்று பட்டது. ஃபேன்கள் இன்றுவரை அவரை மன்னித்ததாகத் தெரியவில்லை. தனியாக உட்கார்ந்தால் பழையபடி ஒரு சாண் முன்பே திரும்பிவிடுகின்றன. எனவே ஞாயிற்றுக்கிழமைகளில், ஐரின் சர்ச்சிலிருந்து வந்த பிறகு, கோவிந்தன் ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்கு வருகிறார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணிநேரம் காற்று வாங்கிவிட்டுப் போகிறார். ஐரின் டீ போட எழுந்தால் ஃபேனும் சமையலறைப் பக்கம் திரும்பிவிடும். கோவிந்தன் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு காத்திருப்பார். டீ வந்தபின் கிளாஸை எந்த மேசையிலும் வைப்பதில்லை, குடித்து முடிக்கும்வரை கையிலேயே வைத்திருக்கிறார்.