முந்நூறு என்று சொன்னவள்

1

இந்தக் கதை ஒரு விசாரணைப் படிவத்தில் தொடங்கியது. 'விபத்தை நேரில் பார்த்தவர் தம் சொந்த வார்த்தைகளில்' என்று அச்சிட்டு, கீழே ஐந்து கோடு போட்டிருந்தார்கள். என் அண்ணன் செத்ததை ஐந்து கோட்டுக்குள் எழுத வரவில்லை. வெள்ளைத்தாள் எடுத்தேன்.

முதல் தொடக்கம்: மெக்னீசியம் பொல்லாத உலோகம். (அடித்துவிட்டேன். அதற்கு வாய் இல்லை, பழி போடுவது சுலபம்.)

இரண்டாம் தொடக்கம்: அண்ணன் எப்போதுமே அவசரக்காரன், அதனால்... (இதை முதல்கட்ட விசாரணை அறிக்கையே எழுதிவிட்டது.)

2

அண்ணனும் நானும் வேலை பார்த்த சோதனைக்கூடத்தில் மெக்னீசியக் கலவைத் துண்டுகளை உலையில் சூடாக்கி, இயந்திரத்தில் அழுத்திப் பார்ப்போம். எந்தச் சூட்டில், எந்த வேகத்தில், எவ்வளவு தாங்குகிறது என்று குறிப்போம். நன்றாகச் சூடேறிய துண்டு பிசைந்த மாவாய் அமுங்கும். அரைகுறைச் சூட்டில் மெதுவாக அழுத்தினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வேகமாக அழுத்தினால் சாய்வாகப் பிளந்து தெறிக்கும்.

உலையின் எண்பலகை உலையின் சூட்டை மட்டுமே காட்டும். துண்டு அந்தச் சூட்டுக்கு வர அரைமணி வேண்டும். நேரம் குறிப்பது என் வேலை, இயந்திரத்தை இயக்குவது அண்ணன் வேலை.

3

"காய்ச்சல் எவ்ளோ, டாக்டரம்மா?" உலைச் சூட்டை அண்ணன் தினமும் இப்படித்தான் கேட்பான். அன்றும் கேட்டான்.

"முந்நூறு."

"அரைமணி ஆச்சா?"

"ஆச்சு, ஆச்சு. பொண்ணு பாக்கப் போனப்பகூட நீ இத்தனை கேள்வி கேக்கல."

சிரித்துக்கொண்டே வேகத்தை உச்சத்தில் வைத்தான். அன்றைய பட்டியலில் அந்த வேகம்தான் இருந்தது.

(இந்த உரையாடலை மூன்று முறை எழுதினேன். ஒன்றில் அவன் எதுவுமே கேட்கவில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.)

அரைமணி ஆகியிருந்தது உண்மை, முதலில் வைத்த துண்டுக்கு. நகர்த்தும்போது அது இடுக்கியிலிருந்து நழுவி விழுந்து விளிம்பு சிதைந்தது. வேறொன்றை வைத்தேன். நேரத்தைத் திருத்தவில்லை. அவன் கேட்டபோது அது உள்ளே போய் ஏழு நிமிடம்.

பாதுகாப்புத் தடுப்புக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதன் வழியாக ஒரு சில்லு அவன் கழுத்தில்

(முடிக்க மாட்டேன்.)

4

அண்ணி அறிக்கையை நம்பிவிட்டாள்.

"சோத்தைக்கூட மெல்லாம முழுங்குற மனுஷன். வேற எப்படிச் சாவாரு? தெனம் போட்டோ முன்னாடி நின்னு திட்டுறேன். திட்டலன்னா எனக்குப் பொழுது விடியாதுடி."

ஒரு முடிவில் நான் உண்மையை எழுதிக் கையெழுத்திடுகிறேன். அவன் பெயர் சுத்தமாகிறது, அண்ணிக்குத் திட்ட நான் கிடைக்கிறேன். இன்னொன்றில் வாயை மூடிக்கொள்கிறேன். அவன் வாங்கிக் கட்டிக்கொண்டே இருக்கிறான், பதில் பேசாமல்.

5

சற்றுமுன் அண்ணி வந்து, எழுதி முடித்த தாள்களை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். நான் தடுக்கவில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவள். இப்போது இரண்டாம் தாளில் இருக்கிறாள்.

"எண்பலகைன்னா என்னடி?"

"சூடு காட்டுறது, அண்ணி."

படிப்பதில் நீங்கள் அவளைத் தாண்டி வந்துவிட்டீர்கள். மூன்றாம் தாளை இப்போதும் எழுந்துபோய் வாங்கிவிடலாம். நான்கு எட்டு தூரம்தான். எழட்டுமா? சீக்கிரம் சொல்லுங்கள். தாளைப் புரட்ட விரலில் எச்சில் தொட்டுக்கொள்கிறாள்.