மூன்றாம் அறை, ஐந்தாம் கட்டில்

1

“அப்போ மூணு மாடிக்கும் ஒரே அட்டவணையா?”

“ஒண்ணுதான்டா. பேரு மட்டும்தான் மூணு.” போனில் அக்கா விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. “அம்மாவை நேர்லயே பார்த்துட்டியா?”

“பக்கத்துலதான் நிக்கிறேன். சீப்பு எங்கேன்னு கேக்குறாங்க.”

இந்த உரையாடலிலிருந்துதான் கதை கிளம்பியது. நானாக எதையும் சேர்க்கவில்லை. [சேர்த்தேன். அம்மா சீப்பு கேட்கவில்லை, தூங்கிக்கொண்டிருந்தார்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மருத்துவமனைக் கூடத்தில் அந்தத் திரை, விண்மீனற்ற வானம்போல’... வேண்டாம். அது வெறும் திரை. அன்று காலையில்தான் மாட்டினார்கள். மாடி, அறை, கட்டில் எண், எதிரே நோயாளியின் நிலை. நிரல் எழுதியது என் அக்கா.

முதலில் ஒரு மாடிக்கான அட்டவணையை உருவாக்கினாள்: நான்கு அறைகள், அறைக்கு ஆறு கட்டில்கள், எல்லாவற்றிலும் ‘சிகிச்சையில்’. பிறகு ‘இதையே மூன்று மாடிக்கும் நிரப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். கணினி மூன்று நகல்கள் எடுக்கவில்லை. அந்த ஒரே அட்டவணையை மூன்று இடங்களிலிருந்தும் சுட்டிக்காட்டியது, அவ்வளவுதான். எல்லாக் கட்டில்களிலும் ஒரே சொல் இருக்கும்வரை இது யார் கண்ணிலும் படாது.

பதினொரு மணிக்கு ஒரு கட்டிலின் நிலையை மாற்றினார்கள். மூன்று மாடியிலும் மூன்றாம் அறை, ஐந்தாம் கட்டில் மாறியது: ‘உறவினர் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.’*

* அங்கே ‘இறந்துவிட்டார்’ என்று எழுதமாட்டார்கள். இந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

3

திரைக்குக் கீழே மூன்று பேர் எழுந்து நின்றோம். இரண்டாம் மாடிக்கு நான், அங்கேதான் அம்மா. முதல் மாடிக்கு ஒரு தச்சர், மனைவியைச் சேர்த்திருந்தார். மூன்றாம் மாடிக்கு ஒரு பெண். கணவரின் செருப்பைப் பையில் வைத்திருந்தார். எங்கள் முகங்களை ஆறு முறை எழுதிப் பார்த்தேன். என் கைகள் என்னுடையவை அல்ல என்பதுபோல நான்... இந்த வரியை அடித்துவிட்டேன்.

“இப்பதானே பேசிட்டு வந்தேன்” என்றார் தச்சர், யாரையும் பார்க்காமல்.

நான் படியேறி ஓடினேன். அம்மாவின் வயிறு ஏறி இறங்கியது. அதை எண்ணிக்கொண்டே அக்காவை அழைத்தேன்.

4

பத்து நிமிடத்தில் அவள் மாடிக்கு ஒன்றாகத் தனித்தனி அட்டவணை உருவாக்கிவிட்டாள். நான் கீழே வந்து, “தப்பு கம்ப்யூட்டர்லதாங்க. அக்கா சரிபண்ணிட்டா” என்றேன். திரை மாறியது. முதல் மாடி: ‘சிகிச்சையில்’. இரண்டாம் மாடி: ‘சிகிச்சையில்’. தச்சர் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட நினைத்தேன்.

அந்தப் பெண் மட்டும் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு முடிவுகள் வைத்திருந்தேன். ஒன்றில் அவர் அழுகிறார். இன்னொன்றில் நான் அவரோடு மாடியேறுகிறேன். இரண்டுமே பொய். அவர் என் சட்டைக் கையைப் பிடித்துக் கேட்டதை அப்படியே தருகிறேன். பதில் எழுத எனக்கு வரவில்லை. உங்களுக்கு வந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.

“தம்பி, மூணாவது மாடி மட்டும் இன்னும் அப்படியே இருக்கு பாருங்க. உங்க அக்காகிட்ட சொல்லி, அதையும் சரிபண்ணச் சொல்லுங்களேன்.”