பல்லுக்கு எத்தனை மார்க்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் எதிர்வீட்டு மகாலட்சுமி அக்கா ஒரு மாதமாகச் சோற்றை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தார். இது அவர் கணவர் அன்புச்செல்வனுக்குத் தெரியாது. பெண்டாட்டி இளைத்துக்கொண்டே போகிறாளே என்று பயந்து, வயிற்றை ஸ்கேன் எடுக்க ஆஸ்பத்திரி விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும். எங்கள் ஜன்னல் அவர்கள் சாப்பாட்டு மேசைக்கு நேராக இருப்பதற்கு நான் என்ன செய்ய?

திருச்சியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி அக்காவுக்கு இலவசமாக இரண்டு செட் பல் கட்டிக் கொடுத்திருந்தது. ஏதோ ஆராய்ச்சியாம். ஒரு செட்டில் கடைவாய்ப் பற்கள் சொந்தப் பல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். இன்னொன்றில் வழவழவென்று தட்டையாக. ஒவ்வொன்றையும் ஒரு மாதம் போட்டுப் பார்த்து எது வசதி என்று சொல்ல வேண்டும். பிடித்த செட் நமக்கு, மற்றது கல்லூரிக்கு.

முதல் மாதம் மேடுபள்ளப் பல். அக்கா முறுக்கு கடித்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. அடுத்து தட்டைப் பல் வந்தது. வாயில் போட்ட கறித்துண்டு கரையவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன் என்று உருண்டது.

முடிவு சொல்லும் நாளில் துணைக்கு நானும் கிளம்பினேன். கூப்பிட்டாரா என்று கேட்காதீர்கள். பஸ் காவிரிப் பாலம் ஏறியும் அக்கா முந்தானையைத் திருகுவதை நிறுத்தவில்லை. மெல்லக் கிண்டியதில் விஷயம் வந்தது. முதல் செட்டுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று டாக்டர் இர்பானா கேட்டபோது பத்து என்றாராம். போன வாரம் போனில் இரண்டாவதுக்குக் கேட்டபோதும் பத்து!

"ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"என் எச்சிப் பல்லைத் தன் கையால கழுவிக் குடுத்த பொண்ணு. அதுகிட்டப் போயா குறை சொல்லச் சொல்றே?"

கல்லூரியில் இர்பானாவே வாசல்வரை வந்து அழைத்துப் போனாள். இரண்டுக்கும் ஒரே மார்க் என்பதால், இப்போது பழகிவிட்ட தட்டைப் பல்லே இருக்கட்டும் என்றாள். பழைய செட் இருந்த டப்பாவை உள்ளே வைக்கச் சொல்லி நர்ஸிடம் நீட்டினாள்.

அக்கா அந்த டப்பாவையே பார்த்தார். இனி ஆயுசுக்கும் விழுங்கல்தான். நர்ஸ் அலமாரியைத் திறந்துவிட்டார். நான் அக்காவை முழங்கையால் ஓர் இடி இடித்தேன்.

"அதை வைக்காதீங்க டாக்டரம்மா. இதுல என்னால மெல்ல முடியலைங்க."

இர்பானாவுக்குப் புரியவில்லை. "அப்புறம் ஏம்மா பத்து போட்டீங்க?"

"அது உங்களுக்குப் போட்டதும்மா. பல்லுக்குன்னா மூணுதான்."

டப்பா திரும்பி வந்தது. அக்கா அங்கேயே திரும்பி நின்று பல்லை மாற்றிக்கொண்டார்.

இர்பானா உட்காரவில்லை. "எல்லாருமே பத்துதானே சொன்னாங்க" என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் இதே ஆராய்ச்சிக்கு வந்த ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். முதலில் இருந்த வீரமலை என்ற பெரியவரிடம் கேட்டாள்.

"ஐயா, நீங்க பத்து போட்டது பல்லுக்கா, எனக்கா?"

பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் அவசரமாகத் தரையைப் பார்த்தார்.