மூணாவது தொட்டிக்குப் பின்னால

எனக்கு வாய் ஜாஸ்தி. மத்தவங்க சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்.

எங்க இயற்கைக் கழகத்துல மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விருந்தினர் பேச்சு நடக்கும். நூலகத்து மாடி, முப்பது மடக்கு நாற்காலி, அப்பப்ப மக்கர் பண்ற ஒரு புரொஜெக்டர். டீயும் பிஸ்கட்டும் என் பொறுப்பு. பாம்பு பத்திப் பேச வந்தவங்க, பாசி பத்திப் பேச வந்தவங்க எல்லாருக்கும் டீ ஊத்தியிருக்கேன். நத்தை பத்தி ரெண்டு மணி நேரம் பேசினாரு ஒரு மனுஷன். அந்த நத்தையே பேச வந்திருந்தா சீக்கிரம் முடிச்சிருக்கும்.

என் வீட்டுக்காரர் எப்பவும் கடைசி வரிசை. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல இருபத்தெட்டு வருஷம் பம்ப் ஓட்டி ரிட்டயர் ஆனவரு. கழகத்துல எல்லாரும் 'பம்ப்காரர்'னுதான் கூப்பிடுவாங்க. அந்த நாத்தத் தண்ணியைச் சுத்தி எத்தனை பறவை வரும்னு அவருக்குத் தெரிஞ்ச மாதிரி அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா பேச மட்டும் கூப்பிட மாட்டாங்க. படிப்பு இல்லையே! எனக்கு அது வயிறு எரியும். "போகட்டும் விடும்மா, எனக்குப் பார்க்கத்தான் தெரியும், பேசத் தெரியாது"ம்பாரு.

பேசத் தெரியாதாம். தினம் காலையில அங்க ஒரு சுத்து போயிட்டு வந்து, சமையக்கட்டு வாசப்படியில நின்னுக்கிட்டு ஒண்ணு விடாம எங்கிட்டச் சொல்லுவாரு. எது முட்டை போட்டிருக்கு, எது குஞ்சைக் கூட்டிக்கிட்டுத் தண்ணியில இறங்குச்சு, எல்லாம். "நகருங்க, அடுப்புல வேலை கிடக்கு"ன்னு நான் விரட்டுவேன். விரட்டிக்கிட்டே கேப்பேன்.

அப்படித்தான் அந்தக் குருகு பத்தியும் சொன்னாரு. நாணலுக்குள்ள ஒளிஞ்சு வாழற பறவை. ஆள் அரவம் கேட்டா கழுத்தை மேல நீட்டி, நாணலோட நாணலா நின்னுடும். இந்தப் பக்கத்துல அது கூடு கட்டினதா யாருமே எழுதி வைக்கல. ஒம்பது வருஷமா அதே இடத்துல கட்டுதுன்னு இவருக்கு மட்டும் தெரியும். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கிட்டுப் போனாரு. மூக்கைப் பொத்திக்கிட்டு முக்கால் மணி நேரம் அவரு முதுகுக்குப் பின்னால நின்னேன். கடைசியில ஒரு நாணல் கண்ணைச் சிமிட்டுச்சு. அட, எனக்குச் சிரிப்பு தாங்கல.

கழகத்துல ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆள் கூடினா பறவை கூட்டை விட்டுட்டுப் போயிடும்னு, கூடு இருக்கிற இடத்தை வெளியில சொல்லக்கூடாது. யாரு கேட்டாலும் "தண்ணிப் பக்கம்"னு சொல்லி நிறுத்திக்கணும். மரத்து உச்சியில இருக்கிற கழுகுக் கூட்டுக்கும் அதே பதில்தான். சின்னப் பிள்ளைங்ககூட அதை மீறினதில்ல.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, வர வேண்டிய விருந்தாளிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. எங்க தலைவர் ஒரு பல் டாக்டர். மத்தியானம் போன் பண்ணி, "அக்கா, பம்ப்காரரைப் பேசச் சொல்லுங்களேன்"னாரு. எனக்குத் தலைகால் புரியல. சட்டையை ரெண்டு தடவை இஸ்திரி போட்டேன்.

நாப்பது நிமிஷம் பேசினாரு. வாசப்படியில நின்னு எங்கிட்டப் பேசற மாதிரியே பேசினாரு. ஒரு நாற்காலி கிறீச்சிடல. குருகு பத்திச் சொன்னாரு, மங்கலா ஒரு போட்டோ காட்டினாரு. இடத்தைச் சொல்லல.

கேள்வி நேரத்துல முன் வரிசையில இருந்த அருங்காட்சியகத்துக்காரர் எழுந்தாரு. அவரு மூணு தடவை எங்க கழகத்துல விருந்தினராப் பேசினவரு. "இந்தப் போட்டோவுல எனக்குப் புல்லுதான் தெரியுது. சாக்கடைத் தண்ணியில குருகு கூடு கட்டாதுங்க. ஏதாவது கொக்குக் குஞ்சைப் பார்த்து ஏமாந்திருப்பீங்க"ன்னாரு. நாலஞ்சு பேர் சிரிச்சாங்க.

எங்க வீட்டுக்காரரும் சிரிச்சாரு. "இருக்கலாம்ங்க. என் கண்ணு வயசான கண்ணு"ன்னாரு.

ஒம்பது வருஷம் பார்த்த மனுஷன்! எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. டீக் கெட்டிலைக் கையில வச்சுக்கிட்டே கத்தினேன். "கொக்குக் குஞ்சா? மூணாவது தொட்டிக்குப் பின்னால, வேலி உடைஞ்சிருக்கிற மூலையில, நாணல்ல போய்ப் பாருங்க! இந்த வாரம் நாலு முட்டை இருக்கு! பார்த்துட்டு வந்து பேசுங்க!"

எங்க வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தாரு. கோபம் இல்ல அந்தப் பார்வையில. வேணும்னேதான் தோத்துக் குடுத்திருக்காருன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்தப் பறவைக்காக அந்தச் சிரிப்பை வாங்கிக்கிட்டாரு. அது எனக்குப் புரியல பாருங்க, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும்.

மறுநாள் ஞாயித்துக்கிழமை. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாரு. பத்து மணிக்கு அருங்காட்சியகத்துக்காரர் எனக்குப் போன் பண்ணினாரு. "அம்மா, மன்னிச்சுக்குங்க. பம்ப்காரர் சொன்னது சரி. என் கண்ணால பார்த்தேன்"னாரு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும், எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. பாயசம் வைக்கலாமான்னுகூட யோசிச்சேன்.

எங்க வீட்டுக்காரர் மத்தியானம் வந்தாரு. முழங்கால் வரைக்கும் சேறு. வாசல்லயே உக்காந்துட்டாரு.

"கழகத்து ஆளுங்க, அவங்க கூட்டிக்கிட்டு வந்தவங்கன்னு நாப்பது பேர் இருக்கும். கேமராவோட வந்தாங்க. வேலிக்கிட்டயே நில்லுங்கன்னு கெஞ்சினேன். பின்னால இருந்தவங்களுக்குத் தெரியலைன்னு நாணலை மிதிச்சுக்கிட்டு உள்ள வந்துட்டாங்க. ரெண்டு பறவையும் எழுந்து போயிடுச்சு. திரும்பவே இல்ல. முட்டையைக் காக்கா தின்னுடுச்சு."

"நாலுமா?"

"நாலும்."

நான் அழுதேன். "என்னைத் திட்டுங்களேன், ரெண்டு அடியாவது அடிங்களேன்"னு அவரு கையைப் பிடிச்சேன். மெதுவா கையை விடுவிச்சுக்கிட்டாரு.

"எதுக்குத் திட்டணும்? நீ எனக்காகத்தானே பேசினே." கால்ல இருந்த சேத்தை வழிச்சுக்கிட்டே, "உங்கிட்டச் சொல்றதை நான் வெளியில சொல்றதா நினைச்சதே இல்லம்மா. எனக்குள்ளயே வச்சிருக்கிறதாத்தான் நினைச்சேன்"னாரு. எழுந்து போய்க் காலைக் கழுவினாரு.

அவ்வளவுதான். மறுநாளும் போனாரு, வந்தாரு. வாசப்படியில நிக்கல. "இன்னிக்கு என்ன பார்த்தீங்க?"ன்னு நானே கேட்டேன். "வழக்கம்போலதான்." அடுத்த நாளும் வழக்கம்போலதான். சாப்பாடு, மருந்து, கரண்ட் பில்லு, எல்லாம் பேசுவாரு. முகம் சுளிச்சதில்ல. ஆனா ஒரு சிட்டுக்குருவி பத்திக்கூட எங்கிட்டச் சொல்றதில்ல. கழகத்துக்கும் வரதை நிறுத்திட்டாரு. நான் மட்டும் டீ போடப் போறேன். வீட்டுல உக்காந்திருந்தா மூச்சு முட்டுது.

இந்த வருஷம் மழை நின்ன பிறகு மனுஷன் ஒரு மாதிரி இருந்தாரு. ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பினாரு. கையெல்லாம் நாணல் கிழிச்ச கோடு. "இன்னும் ஒரு கரண்டி போடு"ன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. ஒரு வருஷமா அப்படிக் கேட்டதே இல்ல. குளிக்கும்போது பாட்டுச் சத்தம் வேற!

துண்டால தலையைத் துவட்டிக்கிட்டு இருந்தவர்கிட்ட மெல்லக் கேட்டேன். "என்னங்க, குருகு திரும்பி வந்துச்சா?"

துண்டு முகத்து மேலயே நின்னுச்சு. "இல்லம்மா. அது இனிமே எங்க வரப்போகுது"ன்னாரு.

முப்பத்தொரு வருஷத்துல எங்கிட்ட அவரு சொன்ன முதல் பொய். பொய் சொல்லவும் தெரியல பாவம், காது நுனி சிவந்துடுச்சு. வந்திருக்கு! எனக்குக் கும்பிடணும்போல இருந்துச்சு. அடுப்படிக்குப் போய், வாயைப் பொத்திக்கிட்டு அழுதேன்.

அந்தச் சனிக்கிழமை வண்ணத்துப்பூச்சி பத்திப் பேச்சு. டீ நேரத்துல அருங்காட்சியகத்துக்காரர் என் பக்கத்துல வந்தாரு. "குருகு திரும்ப வந்திருந்தா சொல்லுங்கம்மா. தூரத்துல இருந்தே படம் எடுத்துக்கறோம். பம்ப்காரர் பேரைப் போட்டு எழுதறேன். அந்த மனுஷனுக்கு நாங்க பட்ட கடன் அது"ன்னாரு. நல்ல எண்ணத்துலதான் கேட்டாரு. எங்க வீட்டுக்காரர் பேரு அச்சுல வரணும்னு நான் எத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன்!

"வரலைங்க. அந்த இடமே பாழாப் போச்சு. சர்க்கரை போதுமா?"ன்னேன்.

வீட்டுக்கு வந்தா அவரு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. "கூட்டம் எப்படி?"ன்னாரு.

"நான் காப்பாத்திட்டேங்க, இந்தத் தடவை ஒரு வார்த்தை விடல"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா எப்படிச் சொல்லுவேன்? சொன்னா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சு போகும். நாளைக்கு நிம்மதியா அங்க போய் நிக்க மாட்டாரு. அவரு மூஞ்சியில இருக்கிற அந்தக் கொஞ்ச வெளிச்சமும் போயிடும்.

"வழக்கம்போலதான்"னு சொல்லிட்டு டீக் கெட்டிலைக் கழுவப் போனேன்.