பெரிய டாக்டரின் தங்கக் கை

அந்த ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். கத்தி பிடிப்பதில் அவர் கெட்டிக்காரர்தான், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜனங்கள் அவரைத் தேடி வந்தது கத்திக்காக இல்லை. ஆபரேஷன் முடிந்த மறுநாள் வார்டுக்கு வருவார். மூக்கை ஒரு தேய் தேய்த்துக்கொள்வார். கட்டை விலக்கி, வெறும் விரலால் தையலை மெல்ல நீவிவிட்டு, "இனி ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியாயிடும்" என்பார். நோயாளிக்குக் கண் கலங்கிவிடும். பிறகு அடுத்த கட்டில். அங்கேயும் மூக்கு, தையல், ஆறுதல். நடுவில் கை கழுவக் குழாய் என்று ஒன்று இருப்பதே அந்த மகானுக்குத் தெரியாது.

அவர் நீவிய தையல்களில் பல சீழ் பிடித்தன. "உங்க உடம்பு வாகு அப்படி" என்று நோயாளியின் தலையிலேயே பழியைக் கட்டினார்கள். சீழ் மட்டும் பஞ்சுக் குச்சியில் ஏறி, கீழ்த்தளத்து லேபுக்கு வந்து சேரும்.

லேபில் இருந்தவளை எல்லாரும் கிருமி டாக்டர் என்பார்கள். எந்த நோய்க்கு எந்தக் கிருமி காரணம் என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய படிப்பு, பிழைப்பு, பெருமை எல்லாம். வீட்டிலும் அதை இறக்கி வைக்கத் தெரியாது. விருந்தாளி தும்மினால் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் எந்த வைரஸ் என்று யோசிப்பாள். சொந்தக்காரர்கள் அவளைக் கண்டால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள்.

சீழுக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஒவ்வொரு தடவையும் அதே முகம். உருண்டை உருண்டையாக, ஊதா நிறத்தில், திராட்சைக் குலை மாதிரி. மூக்கில் குடியிருந்து புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ். எந்த மருந்துக்கு மசியும், எதற்கு மசியாது என்று சோதித்தாள். எல்லாம் ஒரே குடும்பம். யாரோ ஒரு புண்ணியவான்தான் இதைக் கட்டில் கட்டிலாகப் பரிமாறுகிறார். யாரென்றும் சந்தேகம் இருந்தது. வெறும் சந்தேகத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டர் அறைக்குப் போக முடியுமா?

அந்தச் சமயத்தில் கை சுத்த வாரம் வந்தது. கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய அகலத் தட்டில் ஆளாளுக்கு உள்ளங்கையைப் பதிப்பது அங்கே வருஷா வருஷம் நடக்கிற சடங்கு. போட்டோவுக்காகப் பெரிய டாக்டரும் பதித்தார்.

மறுநாள் தட்டுகளைச் சூட்டுப் பெட்டியிலிருந்து எடுத்தாள். மற்றவர்கள் தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைப் புள்ளிகள். பெரிய டாக்டர் தட்டில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே, பொன் மஞ்சளாக, மினுமினுவென்று. சாயம் ஏற்றினாள். திராட்சைக் குலை! மருந்துகளை வைத்துப் பார்த்தாள். வார்டில் மசியாத மருந்துக்கு இங்கேயும் மசியவில்லை. "மாட்டினியா!" என்று தனியாகக் கத்தினாள். இத்தனை நாள் அரூபமாக அலைந்த எதிரி ரேகையோடு அகப்பட்டால் யாருக்குத்தான் குஷி வராது?

அந்தக் குஷி அடங்குவதற்குள் போட்டோக்காரரோடு மேனேஜர் உள்ளே நுழைந்தார்.

"மேடம், இது யாரு கை?"

"பெரிய டாக்டரோடது சார். ஆனா..."

"தங்கம்! பாருங்க மேடம், மத்தவங்க கையெல்லாம் சுண்ணாம்பு தெறிச்ச மாதிரி. சாருக்கு மட்டும் தங்கம்!"

"சார், அது கிருமி."

"இருக்கட்டும் மேடம். சார் கையில இருந்தா நல்ல கிருமியாத்தான் இருக்கும்."

மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத்துக்கு அந்தக் கை தொங்கியது. கீழே எழுத்து: 'தங்கக் கை! அறிவியலே சாட்சி!' கிருமி டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாள்.

நேராகப் பெரிய டாக்டரிடமே போனாள். அவர் சிரித்தார்.

"கிருமி யார் கையிலம்மா இல்ல?"

"உங்க கையிலேர்ந்து தையலுக்குப் போகுது சார். மூக்கைத் தேய்ச்சிட்டு அப்படியே தொடறீங்க. கழுவிட்டுத் தொட்டாப் போதும்."

"இத்தனை வருஷமா இந்தக் கைதான், இந்த மூக்குதான். என்னைக் கழுவச் சொல்ல நீங்க யாரு?"

வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அதைவிடப் பெரிய இடி. குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே வந்த மாமியார், வாசல் படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டரிடமே தேதி வாங்கிவந்திருந்தாள்.

"அத்தை, அந்தப் படத்துல இருக்கறது பூரா கிருமி. எங்க லேப்ல வளந்ததுதான்."

"உனக்கு எதைப் பாத்தாலும் கிருமிதான். நான் பெத்த பிள்ளையையே குளிச்சாத்தான் வீட்டுக்குள்ள விடற."

புருஷன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

மாமியாருக்குச் சர்க்கரை வேறு. அந்த உடம்பில் இந்தக் கிருமி இறங்கினால் புண்ணோடு நிற்காது, ரத்தத்தில் ஏறும். அப்படி ஏறியவர்களின் ரத்தமும் அவளிடம் வந்ததுண்டு. வாயாடி மாமியார்தான், மூச்சுக்கு மூச்சு குத்திக்காட்டுகிறவள்தான். ஆனால் அவள் இல்லாத வீட்டைக் கிருமி டாக்டரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லி அலுத்தவள், மறுநாள் பொய்யைக் கையில் எடுத்தாள். மேனேஜர் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தினாள்.

"சார், தங்கக் கை விஷயமா ஒண்ணு. ஒரு நோயாளியோட பீடை கையில ஒட்டிக்கிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனா, ராசி என்னாகும்?"

மேனேஜரின் முகம் வெளிறியது. "குறைஞ்சிடுமா மேடம்?"

"கரைஞ்சே போயிடும். ஒவ்வொரு தையலுக்கும் முன்னாடி சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவணும். கழுவினப்புறம் மூக்கு, போன், எதையும் தொடக்கூடாது."

தன் படிப்பு முழுவதும் அவமானத்தில் நெளிவதுபோல் இருந்தது அவளுக்கு. மேனேஜரோ குறிப்பெடுத்துக்கொண்டார். மறுநாளே ஒவ்வொரு கட்டிலருகிலும் சோப்பும் தண்ணீரும் வந்தன. அதற்கு 'ராசி நீர்' என்று பெயரும் வந்தது. கழுவச் சொன்னால் சீறிய பெரிய டாக்டர், ராசியைக் காப்பாற்றச் சொன்னதும் பச்சைப் பிள்ளையாகக் கையை நீட்டினார். வார்டே எட்டிப் பார்க்க, விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். மூக்கு அரித்தபோதெல்லாம் மேனேஜர்தான் கைக்குட்டையோடு பாய்ந்தார்.

மாமியாருக்கு ஆபரேஷன் நடந்தது. கிருமி டாக்டர் லேபில் உட்கார்ந்திருந்தாளே தவிர, மனசு மேல்மாடியில்தான் கிடந்தது. வார்டிலிருந்து வரும் ஒவ்வொரு குச்சியிலும் மாமியார் பெயர் இருக்குமோ என்று முதலில் சீட்டைத்தான் பார்த்தாள். வரவில்லை. கொஞ்ச நாளில் யார் பெயரோடும் சீழ் வரவே இல்லை. இதற்கும் கைராசிக்குத்தான் மாலை விழுந்தது.

தையல் பிரித்தாயிற்று என்று போன் வந்தபோது, அவள் யாரோ ஒருவரின் சளிக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள். போட்டது போட்டபடி படியேறி ஓடினாள். மாமியார் தலையணையில் சாய்ந்து, பக்கத்துக் கட்டில்காரியிடம் பெரிய டாக்டரின் பெருமையை அளந்துகொண்டிருந்தாள். தையல் போட்ட இடம் சிவப்பில்லாமல், வீக்கமில்லாமல், காய்ந்து கிடந்தது. கிருமி டாக்டருக்குக் கண்ணை நிறைத்துக்கொண்டு வந்தது. "அத்தை!" என்று அதைத் தொட்டுப்பார்க்கக் கையை நீட்டினாள்.

பட்டென்று ஒரு அடி விழுந்தது புறங்கையில்.

"கை கழுவினியா? அவ்வளவு பெரிய டாக்டரே கழுவிட்டுத்தான் தொடறாரு. நீ என்னடான்னா எங்கேயோ கிடந்து ஓடிவந்து அப்படியே தொடற! விரலைப் பாரு விரலை!"

பார்த்தாள். விரல் நுனியெல்லாம் ஊதாச் சாயம். பக்கத்துக் கட்டில்காரி, "படிச்சவங்கதானா இது?" என்று மாமியாரைக் கேட்டாள்.

கிருமி டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பி, கட்டிலின் கால்மாட்டில் இருந்த ராசி நீருக்கு நடந்தாள்.

"சோப்புப் போட்டு!" என்று பின்னாலிருந்து மாமியார் கத்தினாள்.